சிமுலேட்டர் விமானத்தில் இரவு நேர உள்விளக்குகளைச் சரிசெய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தின் விடைகள் பெரும்பாலும் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020, எக்ஸ்-பிளேன் 12, ஃபிளைட்கியர் ஆகிய மூன்று கணினிச் சிமுலேட்டர்களிலும் அந்த விமானம் கிடைக்கிறது; அதன் விளக்குக் குமிழ்களும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 ஆகியவற்றுக்குத் தனி விடை பின்னால் வருகிறது.

இருட்டிய பிறகு விமானத்தைத் திறந்தால் உள்ளே எல்லாம் கறுப்பாக இருக்கிறது. விளக்குக் குமிழ்களைத் திருகியும் பயனில்லை. ஏன்?

பெரும்பாலும் மின்சாரம் இல்லாததே காரணம். இயந்திரம் அணைந்து, எல்லாச் சுவிட்சுகளும் அணைத்த நிலையில் விமானத்தைத் தொடங்கினால், குமிழை எவ்வளவு திருகினாலும் விளக்குக்கு எதுவும் போய்ச் சேராது. செஸ்னாவில் முதலில் மாஸ்டர் சுவிட்சின் பேட்டரிப் பாதியைப் போட வேண்டும். அந்தச் சுவிட்சை இருட்டில் தேடுவதற்கு டார்ச் வேண்டும். உண்மை விமானிகளும் இரவுப் பயணத்துக்கு டார்ச் இல்லாமல் ஏறுவதில்லை என்பதால், சிமுலேட்டர்களும் ஒன்றைத் தருகின்றன. மைக்ரோசாஃப்டின் 2020 பதிப்பில், விசைகளை நீங்கள் மாற்றாதிருந்தால், ஆல்ட் விசையுடன் எல் விசையை அழுத்தினால் டார்ச் எரியும். எக்ஸ்-பிளேனில் வெள்ளை டார்ச், சிவப்பு டார்ச் என இரண்டு தனிக் கட்டளைகள் உள்ளன. விசைப்பலகை அமைப்பில் தேடி, கைக்கு எட்டும் விசைகளுக்கு அவற்றை ஒதுக்கிக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்டின் பழைய எஃப்எஸ்எக்ஸ் (ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ்) வைத்திருப்பவர்களுக்கு ஷிஃப்டுடன் எல் அழுத்தினால் கருவிப் பலகையின் விளக்கே எரிந்துவிடும்.

இயந்திரம் ஓடாதபோது விளக்குகள் பேட்டரியைத் தின்றுவிடுமோ என்று அஞ்சி, பலகை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தடவுகிறவர்கள் உண்டு. அது தேவையில்லை. பலகை விளக்குகள் இழுக்கும் மின்சாரம் சிறிது. தரையிறங்கும் விளக்கும், வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாயின் சூடேற்றியும்தான் பெரும் செலவாளிகள். 172-இன் புதிய மாதிரிகளில், இயந்திரம் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர் 28 வோல்ட்டும் பேட்டரி 24 வோல்ட்டும் தருகின்றன. பறக்கும்போது ஆல்டர்னேட்டர் செயலிழந்தால், முதலில் அணைக்க வேண்டியவை அந்தப் பெரும் செலவாளிகளே.

ஒரு குமிழைத் திருகினால் எழுத்துகள் மட்டும் ஒளிர்கின்றன. இன்னொன்றைத் திருகினால் பலகை முழுவதும் வெளிச்சமாகிறது. இவற்றில் எதைப் பயன்படுத்துவது?

விமானியறையில் நான்கு வகை ஒளி உண்டு. முதலாவது, கருவிகளுக்கு உள்ளேயே இருந்து எண்களையும் முட்களையும் ஒளிரச் செய்யும் உள்ளொளி. இரண்டாவது, மேலிருந்தோ பலகையின் விளிம்புக்கு அடியிலிருந்தோ பலகையின்மேல் பாயும் ஃபிளட் விளக்கு. மூன்றாவது, அறை முழுவதற்கும் எரியும் டோம் விளக்கு. நான்காவது, மின்னணுத் திரைகளின் சொந்த வெளிச்சம். பறக்கும்போது உள்ளொளியும் திரைகளும் போதும். ஃபிளட் விளக்கு அவற்றுக்குத் துணையாகச் சிறிதளவே எரிய வேண்டும். டோம் விளக்கு தரையில் நிற்கும்போது பயன்படுவது.

இந்த வேறுபாட்டைச் சிமுலேட்டர் எப்படி வரைகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் பல குழப்பங்கள் அங்கேதான் தொடங்குகின்றன. உள்ளொளி என்பது தானே ஒளிரும் ஒரு படப்பரப்பு மட்டுமே. அது பக்கத்தில் உள்ள எதன்மீதும் வெளிச்சத்தை வீசுவதில்லை. ஆகவே உள்ளொளியை எவ்வளவு கூட்டினாலும், ஒளிரும் எழுத்து இல்லாத ஒரு நெம்புகோலோ எரிபொருள் தேர்வுத் திருகோ கண்ணுக்குத் தெரியாது. ஃபிளட் விளக்கு அப்படியல்ல. அது உண்மையான ஒளிமூலமாகக் கணக்கிடப்படுவதால் எதிரில் உள்ள எல்லாவற்றின்மீதும் படுகிறது, கண்ணாடியில் பிரதிபலிப்பையும் உண்டாக்குகிறது. ஏதோ ஒரு கைப்பிடி தெரியவில்லை என்றால் உள்ளொளியைக் கூட்டிக்கொண்டே போகாமல், ஃபிளட் விளக்கைச் சற்றுத் திருகிப் பாருங்கள்.

செஸ்னா 172-இல் எந்தக் குமிழ் எதற்கு உரியது?

முள் கருவிகள் உள்ள 172-இல் பலகை, வானொலி, பலகையின் மேல்விளிம்பு, இருக்கைகளுக்கு நடுவே உள்ள நடுத்தண்டு என நான்கு இடங்களுக்கும் தனித்தனி மங்கல் கட்டுப்பாடு இருக்கும். முள் கருவிகளுக்குப் பதிலாக ஜி1000 என்ற மின்னணுத் திரைகள் உள்ள 172-இல் குமிழ்களின் பெயர்கள் வேறு: மாற்றுக் கருவிகளுக்கு ஒன்று, ஏவியானிக்ஸ் எனப்படும் மின்னணுக் கருவிகளுக்கு ஒன்று, நடுத்தண்டுக்கு ஒன்று, சுவிட்சுகளுக்கும் சர்க்யூட் பிரேக்கர்களுக்கும் ஒன்று. இவற்றில் ஏவியானிக்ஸ் குமிழ்தான் புதியவர்களைக் குழப்புகிறது. உண்மை விமானத்தில் அதை இடப்புறமாக முழுவதும் திருகி அணைத்தால் திரைகள் அணைவதில்லை. திரையில் உள்ள ஒளியுணரி பொறுப்பை ஏற்று, அறையின் வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையைத் தானே மங்கச் செய்கிறது. எல்லாச் சிமுலேட்டர் மாதிரிகளும் இந்த நடத்தையைப் பின்பற்றுவதில்லை. ஆகவே குமிழைக் கடைசிவரை திருகாமல், திரை படிக்கத்தக்கதாக இருக்கும் இடத்தில் நிறுத்துவதே பாதுகாப்பு.

எந்த அளவுக்கு மங்கலாக வைக்க வேண்டும்?

வெளியே பார்த்துவிட்டு உள்ளே திரும்பும்போது கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிய வேண்டும். உள்ளே படித்துவிட்டு வெளியே பார்க்கும்போது தொடுவானம் ஒரு நொடிகூட மறையக் கூடாது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நிறைவேறும் மிகக் குறைந்த வெளிச்சமே சரியான அளவு. அது நூற்றுக்கு இத்தனை என்று எண்ணாகச் சொல்லத் தக்கதன்று. நிலவுள்ள இரவுக்கும் இல்லாத இரவுக்கும் வேறுபடும், நகரத்தின் மேலும் கடலின் மேலும் வேறுபடும்.

ஆனால் குமிழைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை உள்ளன, பலர் அவற்றை விட்டுவிட்டு விமானத்தைக் குறை சொல்கிறார்கள். நீங்கள் அமர்ந்திருக்கும் அறையின் வெளிச்சம்தான் முதலில் கவனிக்க வேண்டியது. பிரகாசமான அறையில் கணினித் திரையின் இருண்ட பகுதிகள் சாம்பல் நிறமாகத் தெரியும். அதை ஈடுகட்ட விமானியறை விளக்குகளைக் கூட்டுவோம். கூட்டியதும் வெளியுலகம் மறைந்துவிடும். அறை விளக்கை அணைத்துவிட்டு, திரைக்குப் பின்புறச் சுவரில் மட்டும் ஒரு மெல்லிய விளக்கை எரியவிடுவது கண்ணுக்கு இதமானது. அடுத்தது கணினித் திரையின் பிரகாசம். பகல் வேலைக்கு வைத்த பிரகாசத்தில் இரவுப் பறப்பைப் பார்த்தால் எல்சிடி திரையின் பின்னொளி கறுப்பு வழியாகக் கசிந்து, வானமும் தரையும் ஒரே சாம்பலாகிவிடும். ஓஎல்இடி திரையில் இந்தக் கசிவு இல்லை. மூன்றாவதாக, படத்தின் நடுத்தர வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சிமுலேட்டரின் காமா அமைப்பை யாரோ சொன்னார்கள் என்று உயர்த்தி வைத்திருந்தால், அதைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

இவை முடிந்த பிறகே விமானத்துக்குள் வாருங்கள். எல்லாக் குமிழ்களையும் அணைத்துவிட்டு, கண் பழகும்வரை சிறிது நேரம் காத்திருங்கள். பிறகு மின்னணுத் திரைகளை முதலில் சரிசெய்யுங்கள், ஏனெனில் அறையிலேயே அதிக வெளிச்சம் தருபவை அவையே. அவற்றின் அளவு முடிவான பிறகு, முள் கருவிகளின் உள்ளொளியை அதே பிரகாசத்துக்கு ஏற்றுங்கள். ஒரு கருவி மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று இருந்தால் கண் தானாகவே அதற்குப் போகும். கருவிகளைச் சுற்றிவந்து படிக்கும் ஒழுங்கு குலைந்துவிடும். இறுதியாகவே ஃபிளட் விளக்கு. எல்லாம் முடிந்தபின், ஒவ்வொரு குமிழையும் இன்னும் சிறிது குறைத்துப் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் அந்தக் குறைப்பைத் திரும்பக் கூட்ட வேண்டிய தேவை ஏற்படுவதில்லை.

விமானியறையைப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது; தலையைத் திருப்பினால் காட்சியின் வெளிச்சம் தானாகவே மாறுகிறது. குமிழில் கோளாறா?

கோளாறு இல்லை. மனிதக் கண்ணின் பாவை விரிந்து சுருங்குவதைப் போலச் செய்வதற்காக, புதிய சிமுலேட்டர்கள் திரையில் அப்போது தெரியும் காட்சியின் சராசரி வெளிச்சத்தை அளந்து, முழுப் படத்தையும் கூட்டியோ குறைத்தோ காட்டுகின்றன. பளிச்சென்ற ஜி1000 திரை காட்சியின் பாதியை அடைத்தால், சிமுலேட்டர் படத்தை இருட்டாக்கும். ஓடுபாதை விளக்குகள் மங்கும். பக்கவாட்டு ஜன்னலைப் பார்த்தால் இருட்டே நிறைந்திருப்பதால் படம் வெளுக்கும். ஆகவே திரைகளை மங்கச் செய்வதால் இரட்டைப் பயன் கிடைக்கிறது: உங்கள் கண்ணும் கூசுவதில்லை, சிமுலேட்டரின் கற்பனைக் கண்ணும் கூசுவதில்லை.

மைக்ரோசாஃப்டின் 2020 பதிப்பில், வரைகலை அமைப்புகள் பதிவாகும் கோப்பில் 'ஐ அடாப்டேஷன்' என்ற வரியின் மதிப்பை 1-இலிருந்து 0-க்கு மாற்றி இந்தத் தானியங்கி நடத்தையை நிறுத்தலாம். கோப்பின் படியொன்றை முதலில் எடுத்து வையுங்கள். என் கருத்தில் இது கடைசி வழி. நிறுத்திவிட்டால் இரவு சீராகிவிடும். ஆனால் நண்பகலில் விமானியறை நிழல் குகையாகவும் வெளியுலகம் வெளுத்தும் தெரியக்கூடும்.

சிவப்பு விளக்கா, வெள்ளையா, பச்சையா? எது சரி?

விமானம் எந்தக் காலத்தைச் சேர்ந்தது, எந்த வேலைக்கானது என்பதைப் பொறுத்தது.

கண்ணின் விழித்திரையில் இருட்டுக்கென அமைந்த குச்சி செல்களும், நிறத்துக்கும் நுட்பத்துக்கும் அமைந்த கூம்பு செல்களும் உள்ளன. குச்சி செல்கள் சுமார் 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளிக்கு மிகக் கூர்மையாகவும், 620 நானோமீட்டருக்கு மேற்பட்ட சிவப்புக்கு மிக மந்தமாகவும் இருப்பவை. அதனால்தான் சிவப்பு வெளிச்சத்தில் கருவிகளைப் படித்தாலும் இருட்டுப் பார்வை பெருமளவு தப்புகிறது. முழு இருட்டுக்குக் கண் பழக ஏறத்தாழ 30 நிமிடங்கள் ஆகும் என்றும், மங்கிய சிவப்பு விளக்கின் கீழ் 20 நிமிடங்களில் ஓரளவு பழகிவிடலாம் என்றும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டி கூறுகிறது. அதே வழிகாட்டி, சிவப்பு விளக்கு நிறங்களைக் கடுமையாகத் திரிக்கிறது, அருகில் உள்ளவற்றைக் கண் குவித்துப் பார்ப்பதையும் கடினமாக்குகிறது என்று எச்சரிக்கிறது. சிவப்பு விளக்கின் கீழ் வரைபடத்தில் கருஞ்சிவப்புக் கோடுகள் காகிதத்தோடு கலந்து மறைந்துவிடும். சிமுலேட்டரிலும் இதைப் பார்க்கலாம்: வேகமானியின் சிவப்புக் கோடு, சிவப்பு ஃபிளட் விளக்கின் கீழ் வெள்ளைக் கோடுகளோடு சேர்ந்து ஒன்றாகிவிடுகிறது. பிற்காலத்துப் பயணிகள் விமானங்களில் மங்கிய வெள்ளை விளக்கு வந்ததற்கு இந்த நிறத் திரிபு முக்கியக் காரணம்.

போர் விமானங்களின் கதை வேறு. இரண்டாம் உலகப் போர்க் கால பி-51 மஸ்டாங்கில் புறஊதா ஒளி வீசும் விளக்குகள், முட்களிலும் எண்களிலும் பூசிய வண்ணத்தை ஒளிரச் செய்தன. சோவியத் மிக்-21-இல் சிவப்பு விளக்கு. இரவு நோக்குக் கண்ணாடி அணிந்து பறக்கும் காலம் வந்ததும் சிவப்பு பகையாகிவிட்டது. அந்தக் கண்ணாடிகள் சிவப்பையும் அதற்கு அப்பாற்பட்ட அகச்சிவப்பையும்தான் பெருக்கிக் காட்டுகின்றன, ஆதலால் விமானியறைக்குள் ஒரு சிறிய சிவப்பு விளக்கு எரிந்தாலும் காட்சி முழுவதும் வெளுத்துப் போகும். ஏ-10 போன்றவற்றின் அறைகள் பச்சையாக ஒளிர்வது அதனால்தான். டிசிஎஸ் என்ற போர் விமானச் சிமுலேட்டரை விளையாடுகிறவர்கள், இரவு நோக்குக் கண்ணாடியைப் போடும் முன் உள்விளக்குகளை ஏறத்தாழ அணைத்துவிட வேண்டும்.

மேசையில் உள்ள கணினித் திரைக்கு முன்னால் அமர்ந்திருக்கும்போது இந்த உடலியலுக்கு உண்மையில் எவ்வளவு இடம் உண்டு? மிகக் குறைவு என்பதே நேர்மையான விடை. கணினித் திரை தானே வெளிச்சம் வீசிக்கொண்டிருப்பதால் உங்கள் கண் ஒருபோதும் முழு இருட்டுக்குப் பழகுவதில்லை. சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் அது விமானத்தின் காலத்துக்குச் செய்யும் மரியாதை. பார்வைக்குக் கிடைக்கும் பயன் சிறிது.

ஏர்பஸ் ஏ320-இலும் போயிங் 737-இலும் இத்தனை குமிழ்கள் இருக்கின்றனவே, எங்கே தொடங்குவது?

ஏ320-இல் நடுத்தண்டில் மூன்று குமிழ்கள்: முதன்மைப் பலகையின் ஃபிளட், முதன்மைப் பலகைக்கும் நடுத்தண்டுக்குமான உள்ளொளி, நடுத்தண்டின் ஃபிளட். தலைக்கு மேலுள்ள பலகையில் அந்தப் பலகைக்கான உள்ளொளிக் குமிழும், டோம் விளக்கின் மூன்று நிலைச் சுவிட்சும், மாற்றுத் திசைகாட்டியின் விளக்கும், அறிவிப்பு விளக்குகளைச் சோதிக்கவும் மங்கச் செய்யவுமான சுவிட்சும் உள்ளன. ஒவ்வொரு விமானியின் திரைகளுக்கும் அவரவர் பக்கத்தில் தனிக் குமிழ். இயந்திரங்களின் நிலையையும் எச்சரிக்கைகளையும் காட்டும் ஈகேம் திரைகளுக்கு நடுத்தண்டில் தனிக் குமிழ். மறந்துவிடப்படுபவை பெரும்பாலும் இரண்டு: மேல்விளிம்பில் உள்ள தானியங்கிப் பறப்புக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் எண்களுக்கான குமிழ், அறிவிப்பு விளக்குகளின் சுவிட்சு. பின்னதை மங்கல் நிலையில் வைக்காவிட்டால், பச்சையும் நீலமுமாகப் பொத்தான்கள் கண்ணைக் குத்திக்கொண்டே இருக்கும்.

ஃபிளைபைவயர் குழுவின் இலவச ஏ320-இல் உள்ள கைப்பலகைக் கணினியில், உள்விளக்குகளின் மொத்த அமைப்பையும் பெயரிட்டுச் சேமித்து ஒரே தொடுகையில் திரும்பக் கொண்டுவரும் வசதி இருக்கிறது. ஏறுவதற்கு ஒன்று, பறப்பதற்கு ஒன்று என இரண்டைச் சேமித்தால் போதும். கைப்பலகைக் கணினியின் திரையையும் மங்கச் செய்ய மறக்க வேண்டாம்.

737-இல் அறிவிப்பு விளக்குகளுக்கான சுவிட்சு முதன்மைப் பலகையில் சோதனை, பிரகாசம், மங்கல் என மூன்று நிலைகளோடு இருக்கிறது. பலகையின் உள்ளொளி, பின்னணி ஒளி, தானியங்கிப் பறப்புப் பலகையின் ஃபிளட் ஆகியவை தனித்தனிக் குமிழ்கள். மற்றபடி முறை ஒன்றே.

சக்கரங்களை இறக்கிவிட்டேன், மூன்று பச்சை விளக்குகளும் எரியவில்லை. ஏன்?

விளக்கு எரிந்துகொண்டே மங்கியிருக்கலாம். பைபர் ஆரோ என்ற சிறு விமானத்தின் சில மாதிரிகளில், கருவி விளக்கின் குமிழைத் திருகியவுடன் சக்கர விளக்குகளும் இரவுக்கேற்ப மங்கிவிடும். விடிந்த பிறகு அந்தக் குமிழை அணைக்க மறந்தால், பகல் வெளிச்சத்தில் அவை எரிவதே தெரியாது. ஆகவே முதலில் அந்தக் குமிழை அணைத்துப் பாருங்கள். பிறகு சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அதுவரை விமானத்தை ஓட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். 1972 டிசம்பர் 29 இரவு, மயாமிக்கு அருகே ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401-ஆம் விமானத்தில் மூக்குச் சக்கரத்தின் விளக்கு எரியாததை ஆராய்வதில் குழுவினர் எல்லோரும் மூழ்கியிருந்தபோது, தானியங்கி உயரப் பிடிப்பு விடுபட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து 101 பேர் இறந்தனர். விளக்கின் பல்பு பழுதாகியிருந்தது என்பதைத் தவிர அந்தச் சக்கரத்தில் குறை ஏதும் இல்லை.

இடிமழைக்கு அருகில் பறக்கும்போது விளக்குகளைக் குறைக்க வேண்டுமா?

கூட்ட வேண்டும். மின்னல் ஒன்று வெட்டினால் இருட்டுக்குப் பழகிய கண் சில நொடிகளுக்குக் குருடாகிவிடும். அதனால் டோம் விளக்கையும் முழுப் பிரகாசத்தில் வைத்து, கண்ணை வேண்டுமென்றே வெளிச்சத்துக்குப் பழக்குவதே உண்மை விமானிகளின் நடைமுறை. அந்த நேரத்தில் வெளியே பார்க்க எதுவும் இருப்பதில்லை, கருவிகளே எல்லாம்.

மெய்நிகர்த் தலைக்கவசத்தில் இதே அளவுகள் பொருந்துமா?

பொருந்தா. தலைக்கவசத்துக்குள் அறை வெளிச்சம் நுழையாததால், கணினித் திரையில் மங்கலாகத் தெரிந்த அளவு அங்கே பளிச்சென்று இருக்கும். எல்லாக் குமிழ்களையும் புதிதாகச் சரிசெய்யுங்கள்.

ஒவ்வொரு முறையும் குமிழ்களைச் சுட்டியால் திருகுவது எரிச்சலாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

இயந்திர விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கருவியில் பயன்படாமல் கிடக்கும் ஒரு சுழல் குமிழை மங்கலுக்கு ஒதுக்கலாம். மைக்ரோசாஃப்டின் சிமுலேட்டரில் ஒவ்வொரு விளக்கு மங்கலும் ஓர் எண்ணுள்ள பொட்டென்ஷியோமீட்டராக (கூட்டிக் குறைக்கும் சுழல் கட்டுப்பாடாக) பதிவாகியிருக்கிறது. எஃப்எஸ்யுஐபிசி போன்ற இணைப்பு மென்பொருளால் அதை வன்பொருளோடு சேர்க்க முடியும். எந்த எண் எந்த விளக்கு என்பது விமானத்துக்கு விமானம் மாறும். ஃபிளைட்கியரில் கருவி விளக்குக்கும் பலகை விளக்குக்கும் 0 முதல் 1 வரையிலான இரண்டு தனி மதிப்புகள் உள்ளன. அவற்றை நேரடியாகவே ஒதுக்கலாம். ஒரே சுழல் குமிழ்தான் மிச்சம் என்றால், அதைத் திரைகளின் பிரகாசத்துக்குக் கொடுங்கள். பறக்கும்போது அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பது அதுவே.

சரிசெய்த அளவைச் சோதிக்க எந்த இரவு ஏற்றது?

சிமுலேட்டர்கள் நீங்கள் தரும் நாளுக்கேற்ப நிலவின் பிறையைக் கணக்கிடுகின்றன. ஆகவே முதலில் ஓர் அமாவாசை நாளைத் தேர்ந்தெடுத்து, ஊர் விளக்குகள் குறைந்த இடத்தின் மேல் பறந்து பாருங்கள். அங்கே தொடுவானம் தெரிகிறதா என்பதே கடினமான சோதனை. பிறகு ஒரு பெருநகரத்தின் மேல் பௌர்ணமி இரவில் பறந்து, கருவிகளைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஒரே அமைப்பு போதாது என்பது தெரியவரும். முதல் அளவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, நகரத்துக்கு மேல் வரும்போது திரைகளை மட்டும் சற்றுக் கூட்டினால் போதும்.